பூஜ்யம் என்று எழுதிய ஞாயிறு

காட்டுத் தேனீக்களை எண்ணும் குழுவுக்கு நான் அனுப்பிய முதல் பதிவே தவறு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம், கருகருவென்று தடித்த உடம்போடு ரீங்காரமிட்டு வந்த ஒன்றைப் படம்பிடித்து, "பம்பிள் தேனீ" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாளே ஒருங்கிணைப்பாளர் அக்கா போன் செய்தார்.

"நம்ம மலையில பம்பிள் தேனீ கிடையாதும்மா. இந்தியாவுல அதுங்க இமயமலைப் பக்கம்தான். நீ பார்த்தது தச்சுத் தேனீ. வயித்து மேல்பக்கம் மொழுமொழுன்னு மின்னுது பாரு. பம்பிள் தேனீன்னா அங்கேயும் ரோமம் மண்டியிருக்கும்."

அந்தக் கருவண்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாட்டி வீட்டு மூங்கில் சாரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டுக் குடியிருக்கும். கீழே மஞ்சளாக மரத்தூள் கொட்டிக் கிடக்கும். அதுவும் தேனீதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்ததே பம்பிள் தேனீதான். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் வலையோடு புல்வெளிக்குப் போய், தேனீயைப் பிடித்து, படமெடுத்து, திரும்பப் பறக்கவிட்டுக் கணக்கு எழுதுகிறார்கள் என்று படித்தேன். ஒரு காலத்தில் அங்கே பரவலாக இருந்த ஒரு பம்பிள் தேனீ வகையை, 2017-ல் அந்த நாட்டு அரசு அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. முன்பு எங்கெங்கே இருந்தது என்று யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது. நம் மலையில் யார் எழுதி வைப்பார்கள் என்ற கேள்வி என்னை விடவே இல்லை. சேர்வராயன் மலையில் காட்டுத் தேனீக்களை எண்ணும் சிறு குழு ஒன்று இருப்பது தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பயிற்சி அரை நாள். முதல் பாடம், ஈயையும் தேனீயையும் பிரித்துப் பார்ப்பது. தேனீ மாதிரியே மஞ்சள் பட்டை போட்ட ஈக்கள் நிறைய உண்டு. ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு. ஈயின் உணர்கொம்பு இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் குட்டை. அடுத்து, தேன் எடுக்க நாம் தேடிப்போகும் வகைகள்: பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீ, புதர்க்கிளையில் உள்ளங்கை அளவு அடை வைக்கும் கொம்புத் தேனீ, கொட்டவே தெரியாத கொசுத் தேனீ. இவை போக, கூட்டமே சேராமல் மண்ணிலும் காய்ந்த தண்டிலும் தனியாகக் குடித்தனம் நடத்தும் தேனீக்கள்தான் பெரும்பான்மை. உலகத்தில் தேனீ இனங்கள் 20,000-க்கு மேல், இந்தியாவில் மட்டும் 700-க்கு மேல் என்றார் அக்கா. நான் அதுவரை நாலைத் தாண்டி யோசித்ததில்லை.

வேலை முறை எளிது. நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் வந்த பிறகு, காற்று அடங்கியிருக்கும்போது, அந்தப் பாதையில் மெதுவாக நடந்து, எந்தப் பூவில் எது உட்கார்ந்தது என்று எழுத வேண்டும். மாதம் இரண்டு முறை, அதே பாதை.

பாதை கிடைப்பதுதான் பாடாய்ப் போயிற்று. தோட்டத்துக்குள் விடச் சொல்லிக் கேட்ட முதல் இரண்டு இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். ஏதோ அதிகாரிகள் பின்னாலேயே வருவார்கள் என்ற பயம். மூன்றாவது இடத்தில் மேஸ்திரி அண்ணன் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "எண்ணிட்டுப் போறதுல நமக்கென்னங்க நட்டம்" என்று முதலாளியிடம் அவரே பேசினார்.

மருந்துக்கடையில் வேலை, எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. காலை ஆறு மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் வண்டியை எடுத்தால் கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் பல நாள் பனிமூட்டம். மூட்டம் விலகாமல் தேனீ வெளியே வராது. சில்வர் ஓக் மரத்தடியில் ஃபிளாஸ்க் காப்பியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

நான்காவது முறை போனபோது பாதையே மாறியிருந்தது. களை வெட்டியிருந்தார்கள். தும்பை, காட்டுத் துளசி எல்லாம் வரப்போரம் காய்ந்து கிடந்தன. நடந்தேன். ஒன்றுமே இல்லை. திரும்பவும் ஒருமுறை நடந்து பார்த்தேன், அப்போதும் இல்லை. இத்தனை தூரம் வந்து வெறுங்கை. தாளைக் கிழித்துவிட்டு அடுத்த வாரம் வரலாம் என்று நினைத்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பூஜ்யம்னு எழுதும்மா. என்ன நடந்துச்சுன்னும் பக்கத்துல எழுது. இருந்ததை மட்டும் எழுதினா எப்பவுமே நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும்."

எழுதினேன். அந்தத் தாளை மேஸ்திரி அண்ணனிடமும் காட்டினேன். முந்தைய மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த களைவெட்டின்போது வேலியோரம் நான்கு முழ அகலத்துக்கு அப்படியே விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் அங்கே தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கொசுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் வந்து சேர்ந்தன.

நீலப்பட்டைத் தேனீயைச் சொல்லாமல் போக முடியாது. வயிற்றில் வளையம் வளையமாக மயில்கழுத்து நிறம். ஓரிடத்தில் நில்லாது. வலையில் பிடித்த ஒன்றைச் சின்னக் குழாயில் போட்டு, ஐஸ் வைத்த டப்பாவில் பத்து நிமிடம் வைத்தேன். குளிரில் அசையாமல் கிடந்தது. வெளியே எடுத்து முதுகு, பக்கவாட்டு, முகம் என்று மூன்று படம். பிறகு வெயில் படும் இலையில் விட்டேன். முதலில் வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பிறகு ஒரு கால். அப்புறம் விரிக்காத இறக்கைகள் நடுங்கின. சட்டென்று இலை காலியானது. அதுவரை நான் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறேன்.

அதே தேனீயைச் சுண்டைச் செடியிலும் பார்த்தேன். சுண்டைப் பூவின் மகரந்தம் வெளியே தெரியாது, குழாய் போன்ற பைக்குள் அடைத்திருக்கும், நுனியில் பொடித் துளைகள் மட்டும். இந்தத் தேனீ அந்தக் குழாய்களைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கிறது. பறக்கும்போது கேட்கும் ஒலி ஒன்று, பூவைப் பிடித்ததும் கேட்பது அதைவிடக் கூர்மையான வேறொன்று. உப்புச்சாடியைக் குலுக்கியது போல மகரந்தம் கொட்டுகிறது. தக்காளி, கத்தரிப் பூவும் இதே வகைதான். பெட்டி வைத்து வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. பம்பிள் தேனீக்கு வரும், நம் கருவண்டுக்கும் வரும்.

அனுப்பிய படங்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிடவில்லை. சின்னஞ்சிறு தேனீக்கள் பலவற்றுக்கு, படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது என்றே பதில் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. எந்த நாளில், எந்தப் பூவில் என்பது தாளில் இருக்கிறது.

வருத்தம் ஒன்றில்தான். மாசி கடைசியில் பெய்யும் பூமழைக்குப் பிறகு, எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி மொத்தமும் ஒரே வீச்சில் பூக்கும். மல்லிகை வாசம். மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பூ பழுப்பேறிவிடும். முதல் வருடம் அது வார நடுவில் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றபோது கிளையெல்லாம் பழுப்புத்தான்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் மேஸ்திரி அண்ணன் போன் வந்தது.

"மேல நேத்து ராத்திரி நல்ல மழைங்க. அடுத்த புதன், வியாழன்ல பூத்துரும். கடையில இப்பவே லீவு சொல்லி வெச்சுருங்க."