சாய்மனைக் கதிரையில இருந்து எழும்புறதுதான் முதல் பயிற்சி

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில சிகிச்சை முடிச்சுட்டு திருகோணமலைக்குத் திரும்பி வாற ஆக்களோட, ஒரு ஃபிசியோவா நான் இப்ப கூடுதலா போன்லதான் வேலை செய்றன். வட்ஸ்அப் வீடியோ கோல், வொயிஸ் மெசேஜ், சிக்னல் நல்லா இருந்தா சூம். இரவு பஸ் ஏறி விடிய மஹரகமவில இறங்கி கிளினிக் காட்டிட்டு வாற ஆக்களை, உடற்பயிற்சிக்கெண்டு இன்னொரு இடத்துக்கும் அலைய வைக்க எனக்கு மனசு வராது.

கிளினிக்கில நேர வந்து நிக்கேக்க எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. கேட்டா, "வீட்டு வேலையெல்லாம் செய்றன் மிஸ்" எண்டுதான் சொல்லுவாங்க. வீடியோ கோல்லதான் வீடு தெரியும். உப்புவெளியில ஒரு அக்கா, மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சவ. எப்ப கோல் எடுத்தாலும் ஹோல்ல சாய்மனைக் கதிரை, மேல ஃபேன், பக்கத்தில ஸ்டூல், அதில தண்ணிச் செம்பு, மாத்திரைப் பெட்டி, ரிமோட், சார்ஜர், எல்லாமே கை எட்டுற தூரத்தில. மாமி தேத்தண்ணியைக் கையில கொண்டுவந்து குடுத்துட்டு "நீ எழும்பாத பிள்ளை, நான் பாக்கிறன்" எண்டுவா. அந்தப் பாசத்தை நான் ஒருநாளும் குறையாச் சொல்லமாட்டன், ஆனா அக்கா நாள் முழுக்கக் கதிரையிலயே கிடக்கிறதுக்கு அதுதான் காரணமா இருந்தது.

அதால முதல்ல பேசினது மாமியோட. சிகிச்சையால வந்த களைப்பு போகட்டும் பிறகு எழும்பலாம் எண்டு இருந்தா இந்தக் களைப்பு போகாது அம்மா, அளவா அசைஞ்சாத்தான் குறையும் எண்டு விளங்கப்படுத்தினன். செம்பு குசினிக்குப் போச்சு. நாடகத்தில விளம்பரம் போற நேரம் எழும்பி வாசல் வரைக்கும் ஒரு நடை. சாய்மனைக் கதிரைக்குப் பதிலா சாப்பாட்டு மேசைக் கதிரை, அதில கையை ஊண்டாம எழும்பி இருக்கிறது, அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலத்துக்கு மேல கதிரையில இருக்கக் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட 2020 வழிகாட்டியில கணக்கு ஒண்டும் இல்ல, இருக்கிற நேரத்தைக் குறைச்சு லேசான அசைவா எண்டாலும் மாத்துங்க எண்டுதான் இருக்கு, வீட்டில இருக்கிற ஆக்களுக்கு அது செய்யக்கூடிய விசயம்.

பயிற்சிக்கு, புற்றுநோய் வந்த ஆக்களுக்கெண்டு 2019இல வந்த சர்வதேச வழிகாட்டியில கிழமைக்கு 3 நாள் 30 நிமிசம் நடை மாதிரி ஒண்டு, 2 நாள் தசைப் பயிற்சி. நடக்கேக்க கதைக்க ஏலணும், பாட ஏலாம இருக்கணும், அதுதான் வேகம். தசைப் பயிற்சி எண்டதும் அக்கா பயந்துட்டா, ஒப்பரேஷன் செஞ்ச பக்கத்துக் கையால பாரமே தூக்கக்கூடாது, வீங்கிடும் எண்டு ஆரோ சொல்லிவிட்டிருக்காங்க. 2009இல கை வீக்கம் இருந்த 141 பெண்களை வச்சு அமெரிக்காவில செஞ்ச ஆய்வில, மெதுவாக் கூட்டிக் கூட்டிப் பாரம் தூக்கினவங்களுக்கு வீக்கம் கூடேல்ல. அரை லீட்டர் தண்ணிப் போத்தல்ல தொடங்கினம். கையைத் தொட்டுப் பாக்க என்னால ஏலாது, அதால மகள் தையல் டேப்பால ஒரே இடத்தில அளந்து அனுப்புவா.

கடற்கரையில வெறுங்காலோட நடக்கச் சொல்லி யூடியூப்ல நிறைய வீடியோ வருது. கீமோவால கால் மரத்துப்போன ஆளுக்கு அது சரிவராது. மத்தியானம் கோணேசர் கோயில் வீதிக் கல்லில கால் வச்சா, சூடு தெரியாமலே கொப்புளம் போட்டுடும். டச்பே கடற்கரைப் பக்கம் எண்டாலும் விடியக் காலையில, சப்பாத்தோட, இறுக்கமான தரையில நடக்கிறதுதான் நல்லம்.

கிண்ணியாவில ஒரு வாப்பா, பெருங்குடல் புற்றுநோய், "நடந்தா வருத்தம் திரும்ப வராதா மகள்?" எண்டு நேரடியாவே கேட்டார். 2025இல வந்த ஆய்வைச் சொன்னன். 889 பேர், ஒப்பரேஷனும் கீமோவும் முடிஞ்சவங்க, 3 வருசம் ஆள் வச்சுப் பயிற்சி குடுத்த பக்கம் 5 வருசத்தில 100இல 80 பேர் நோய் திரும்பாம இருந்தாங்க, கைநூல் மட்டும் குடுத்த பக்கம் 74. வராது எண்டு உறுதி தர ஏலாது வாப்பா, ஆனா இந்த வித்தியாசம் சின்னதில்ல எண்டன். எனக்கு அதில முக்கியமாப் படுறது அந்தக் கைநூல் விசயம்தான், தாளைக் குடுத்து அனுப்பினா போதாது, ஆரும் கிழமைக்குக் கிழமை கூப்பிட்டுக் கேக்கணும். இப்ப அவர் அசர் தொழுகைக்குப் பிறகு பாலத்தில நடந்துட்டு வொயிஸ் மெசேஜ் போடுறார், மூச்சு வாங்கிறது அதிலயே கேக்கும்.

எல்லாருக்கும் போன்ல தொடங்க ஏலாது. எலும்புக்குப் பரவினவங்க, புதுசா முதுகு நோகிறவங்க, காய்ச்சல், நெஞ்சு நோ, தலைச்சுத்து இருக்கிறவங்க, ஒரு கை திடீரெண்டு வீங்கிச் சிவந்தவங்க, இவங்களுக்கு நான் ஒரு பயிற்சியும் சொல்றதில்ல, முதல்ல டொக்டரிட்டப் போய்க் காட்டுங்க எண்டு வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டு, அடுத்த நாள் போனாங்களா எண்டு திரும்ப எடுத்துக் கேப்பன்.