ஆயா அறை கார்பெட்டில் இருந்து நாய் மூத்திர வாடை போன கதை

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில். வீடு முழுக்க டைல்ஸ். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, இருந்த அறையில் மட்டும் சுவருக்குச் சுவர் கார்பெட். ஆயாவுக்குக் கால் சில்லிடும் என்று தாத்தா போட்டது. அதைக் கிழித்து எறியலாம் என்று யாராவது வாயெடுத்தால் அம்மா ரெண்டு நாள் பேசமாட்டார்.

இங்கே தீபாவளியும், ஆங்கிலேயர் வழக்கப்படி வெடி வெடிக்கும் நவம்பர் 5 ‘கை ஃபாக்ஸ்’ இரவும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்றுக்கு வாங்கிய வெடியின் மிச்சம் இன்னொன்றுக்கு. எங்கள் நாய் டைகருக்குப் பெயரில் மட்டும்தான் வீரம். போன வருஷம் சத்தத்துக்குப் பயந்து ஆயா கட்டிலுக்கு அடியில் புகுந்தவன், அங்கேயே ஒண்ணுக்கும் போயிருக்கிறான். பல தடவை. நாங்கள் கண்டுபிடிக்க நாலைந்து நாள் ஆகிவிட்டது.

ஈரமாக இருந்த இடத்தில் பழைய துண்டைப் போட்டு ஏறி மிதித்து ஒற்றியெடுத்தேன். அது சரி. தேய்த்திருந்தால் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். அதற்கு அப்புறம் செய்தவைதான் வரிசையாகத் தப்பு.

முதலில் சோப்பும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும். சூடு பட்டால் கறையும் வாடையும் நாரோடு இறுகிவிடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் என் கணவர் ப்ளீச்சை எடுத்துவந்து ஊற்றிவிட்டார். கண் எரிந்து, இருமிக்கொண்டு ரெண்டு பேரும் வெளியே ஓடினோம். பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும். ப்ளீச்சோடு சேர்ந்தால் விஷ வாயு வரும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கார்பெட்டில் உள்ளங்கை அளவு வெளுத்ததுதான் மிச்சம்.

மெர்பேங்கில் இருந்து பெரியம்மா போனில், "சாம்பிராணி போடு கண்ணு, எல்லாம் போயிரும்" என்றார். போட்டேன். ஒரு வாரத்துக்கு அந்த அறையில் கோயிலும் நாயும் சேர்ந்து மணந்தன.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, காய்ந்த பிறகு ஆப்ப சோடா தூவி, இரவெல்லாம் விட்டு வாக்குவம் போட்டதில்தான் முதல் நிம்மதி. வினிகரின் புளிப்பு அமோனியாவை அடக்குகிறது. மூன்று வாரம் வாடையே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

டிசம்பர் மழை பிடித்தது. கதவைத் திறந்தால் குப்பென்று அடித்தது, புதிதாகப் போன மாதிரி. மூத்திரம் காய்ந்தாலும் அதன் உப்புகள் அங்கேயே இருக்கும். டர்பன் கோடையின் கடற்காற்று ஈரத்தை அவை இழுத்துக்கொண்டால் வாடை மறுபடி கிளம்பும். நாய்க்கு அந்த வாடைதான் வழிகாட்டிப் பலகை. பழைய இடத்துக்கே திரும்பும்.

சரி என்று ஒரு புற ஊதா டார்ச் வாங்கினேன். இரவு விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. நான் கழுவிக்கொண்டிருந்தது ஒரே இடம். அங்கே இருந்தது ஐந்து! சோப்பு மிச்சமும் ஒளிரும் என்பதால் ஒவ்வொன்றையும் மண்டியிட்டு முகர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. டைகர் விளையாட்டு என்று நினைத்து என் முதுகில் ஏறினான்.

குறடு வைத்து மூலையில், ஓரத்தைப் பிடித்திருக்கும் ஆணிப்பட்டையில் இருந்து கார்பெட்டைக் கிளப்பினோம். அடியில் இருந்த நுரை மெத்தையைப் பார்த்ததும்தான் எல்லாம் புரிந்தது. மேலே சாஸர் அளவு இருந்த கறை அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவு பரவியிருந்தது. இத்தனை வாரமும் நான் கூரையைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுத்தம் செய்வதாக நினைத்திருக்கிறேன்.

மோசமான இரண்டு துண்டு நுரையை வெட்டி எறிந்தோம். கீழே சிமெண்ட் தரையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வாடையை அடைக்கும் பிரைமர் அடித்தோம். கார்பெட்டுக்கு, மூத்திரக் கழிவைச் சிதைக்கும் என்சைம் திரவம். அதில் ஏற்கெனவே ஒரு பாட்டில் வீணாக்கியிருந்தேன், சென்ட் அடிக்கிற மாதிரி மேலே தெளித்து. மூத்திரம் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் திரவமும் போகவேண்டும். முந்தைய சோப்பும் கிருமிநாசினியும் என்சைமைக் கெடுக்கும் என்பதால் முதலில் பச்சைத் தண்ணீரால் அலசி உறிஞ்சியெடுத்தேன். பிறகு தாராளமாக ஊற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் விரித்து ஒரு நாள் முழுக்க விட்டேன். முதல் நாள் வாடை கூடத்தான் செய்தது. பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஃபேன் போட்டுக் காய்வதற்கு மூன்று நாள். ஒரு இடத்துக்கு மட்டும் மறுபடி செய்யவேண்டி வந்தது.

இடையில் டைகரை மருத்துவரிடமும் காட்டினோம். வயதான நாய், மூத்திரத்தில் தொற்று இருக்குமோ என்று சோதித்தார். ஒன்றும் இல்லை, வெறும் பயம். அடுத்த நவம்பரில் வெடிக்க ஆரம்பிக்கும் முன்னாடியே அவனை டைல்ஸ் போட்ட பாத்ரூமில் போர்வை, ரேடியோவோடு வைப்பதாக ஏற்பாடு.

தைப்பூசக் காவடிக்குப் பெரியம்மா வந்தார். வெளியே நல்ல மழை. ஆயா அறையில்தான் பெட்டியை வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா கண்ணு, நான் சொன்ன சாம்பிராணி வேலை செஞ்சிருச்சு" என்றார்.

"ஆமா பெரியம்மா" என்றேன்.