கிழக்கு பார்த்த வீட்டுக்கு மவுசு இல்லாத கிரகம்

ட்ராப்பிஸ்ட்-1இ என்ற கிரகத்தில் கிழக்கு பார்த்து வீடு கட்டிப் பிரயோஜனம் இல்லை, அங்கே சூரியன் உதிப்பதே கிடையாது. பெங்களூர் சி.வி. ராமன் நகரில் வீடு தேடி அலைந்துகொண்டிருக்கிறேன், புரோக்கர் 'ஈஸ்ட் ஃபேசிங் சார்' என்று சொல்லிச் சொல்லியே வாடகையை ஏற்றுகிறார், அந்த எரிச்சலில் பிறந்த கற்பனை இது.

கும்ப ராசி மண்டலத்தின் திசையில், சுமார் 40 ஒளியாண்டு தள்ளி, வியாழனைவிடக் கொஞ்சமே பெரிய குட்டிச் சிவப்பு நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏழு கிரகங்கள் என்று 2017 பிப்ரவரியில் அறிவித்தார்கள். உள்ளிருந்து எண்ணினால் நான்காவதுதான் இந்த ட்ராப்பிஸ்ட்-1இ, பூமியைவிடச் சற்றே சிறியது. அங்கே வருஷம் என்பதே நம் 6 நாள்தான். (பத்து மாத அட்வான்ஸை அந்தக் கணக்கில் கேட்டால் இப்போதே எண்ணிக் கொடுத்துவிடுவேன்.)

இவ்வளவு நெருங்கிச் சுற்றுவதால், நிலா நமக்குக் காட்டுகிற மாதிரி, பெரும்பாலும் ஒரே முகத்தைத்தான் அது நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்கிறார்கள். ஆக ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத ராத்திரி. காலை பத்து மணி வேண்டுமென்றால் காத்திருந்து பயனில்லை, பத்து மணி இருக்கிற ஊருக்கு பஸ் பிடித்துப் போக வேண்டும்.

உச்சிப்பொழுது ஊரிலும் நம்மூர் வெயிலை எதிர்பார்க்காதீர்கள். நட்சத்திரம் இங்கே நம் கண்ணுக்குத் தெரிகிற சூரியனைப் போல நாலு மடங்கு அகலமாகத் தலைக்கு மேல் நிற்கும், ஆனால் அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் கன்னத்தில் சூடு உறைக்கும், கையில் இருக்கிற பேப்பரோ மங்கலாகத்தான் தெரியும். செடிகள் கறுப்பாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அவை விடாமல் விழுங்கியாக வேண்டுமே.

எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். உள்வட்டத்துப் பக்கத்துக் கிரகம் 4 நாளில் ஒரு சுற்று, இது 6 நாளில் ஒரு சுற்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில். அதனால் 12 நாளுக்கு ஒருமுறை அது முந்திக்கொண்டு போகும்போது, நம் நிலா அளவுக்குக் கரிய வட்டமாக, அந்தச் சிவப்புத் தட்டின் அகலத்தில் கால்வாசியை அடைத்தபடி குறுக்கே நகரும். விளிம்பில் முதலில் ஒரு கடி விழுந்த மாதிரி தெரியும், அப்புறம் வட்டம் முழுசாக உள்ளே வரும், முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பூமியிலிருந்து இந்த ஏழு கிரகங்களையும் கண்டுபிடித்ததும் இதே சங்கதியால்தான், ஒவ்வொன்றும் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி துளி குறைகிறது.

இருட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது, பாவம். பதிலாக, வெளிவட்டத்துக் கிரகம் 18 நாளுக்கு ஒருமுறை பௌர்ணமி நிலாவாக நெருங்கி வரும்.

எனக்கு வீடு பகல் பக்கம், இருட்டுப் பக்கம் இரண்டுக்கும் நடுவில், நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேயே நிற்கிற அந்திப் பட்டையில் வேண்டும். காற்று உண்டு என்று வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். இதே குடும்பத்தில் நட்சத்திரத்துக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கும் முதல் கிரகத்தை 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது, பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ், சொல்லிக்கொள்கிற மாதிரி வளிமண்டலம் இல்லை என்று தெரிந்தது. போதாக்குறைக்கு இந்த நட்சத்திரம் அடிக்கடி வெடித்துப் புற ஊதாவை வாரி இறைக்கிற ரகம். அதனால் மொட்டை மாடி எல்லாம் வேண்டாம், தரைக்குக் கீழே ஒரு ரூம் இருந்தால் வாடகை கூட இருந்தாலும் பரவாயில்லை.