பசுபதிநாதருக்கு முடிந்து வைத்த காசு

பத்து வருஷமாக எங்கள் வீட்டு சாமி அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. போன வருஷம் மாசியில்தான் அது காத்மாண்டுவில் பசுபதிநாதர் என்ற பெயரில் சிவன் இருக்கிற கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. தம்பி வேலை விஷயமாக காத்மாண்டு போயிருந்தான். டிவியில் நேபாளத்தில் பூகம்பம், 7.8 அளவு என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போன் போகவேயில்லை. அன்று ராத்திரி பதினொரு ரூபாயை முடிந்து வைத்து, "பசுபதிநாதா, பிள்ளையைக் கொடுத்துவிடு, நானே வந்து செலுத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் தம்பியின் குரல் கேட்டது.

அப்புறம் அம்மாவின் முழங்கால், கொரோனா என்று தள்ளிக்கொண்டே போய், போன வருஷம்தான் பசுபதிநாதர் கூப்பிட்டார். தம்பியும் வந்தான். முதல் ராத்திரி தெருவில் லாரி போய் ஜன்னல் லேசாக அதிர்ந்தது. நாங்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவன் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். இத்தனை வருஷம் கழித்துமா என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

சிவராத்திரி முடிந்தும் கோயிலில் கூட்டம் குறையவில்லை. சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். பூத்தட்டைக் கையில் திணித்துவிட்டு இன்னொருவர் கேட்ட காசு அநியாயம். வயதானவர்களை இப்படிப் பிடுங்குவது ஈசன் வாசலில் செய்கிற வேலையா? பெரிய நந்தியைக் கண்டதும் அம்மா எல்லாவற்றையும் மறந்தார்.

மேற்கு வாசலில் ஐயன் முகம் தெரிந்தது. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தார், இறுகிப்போயிருந்தது. கடைசியில் தம்பிதான் வாங்கிப் பல்லால் கடித்து அவிழ்த்தான். பத்து ரூபாய் நோட்டில் மஞ்சள் ஏறியிருந்தது. யாருக்காக முடிந்தாரோ அவன் கையாலேயே உண்டியலில் விழுந்தது. அம்மாவுக்கு வாயில் வார்த்தை வரவில்லை, அப்பனே, அப்பனே என்று அதையேதான் சொன்னார்.

வெளியே வந்து பாக்மதி ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேரைக் கொண்டுபோன பூகம்பம். அப்போது இந்தக் கரையில் சிதை ஓயவில்லை என்றான் தம்பி. அன்று சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "போன பிள்ளைகளின் அம்மாக்களும் வேண்டித்தானே இருப்பார்கள்" என்று கொஞ்ச நேரம் அழுதார்.

ஊர் பெரும்பாலும் எழுந்துவிட்டது. 1934 பூகம்பத்திலும் 2015-லும் விழுந்த தரஹரா கோபுரம் மறுபடி நிற்கிறது. அப்போது இடிந்த காஷ்டமண்டபம் என்ற பழங்கால மண்டபத்தைப் பழைய முறைப்படி மரத்திலேயே கட்டியிருக்கிறார்கள். ஆனால் சந்துகளில் சில பழைய வீடுகளுக்கு இன்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது, அடியில் கடை நடக்கிறது.

திரும்பும் நாளில், "நீ எங்கேடா படுத்திருந்தாய்?" என்று கேட்டார் அம்மா. துண்டிகேல் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். அன்றைக்குக் கூடாரம் போட்டு ஊரே கிடந்த இடம். தம்பி ஒரு மூலையைக் காட்டினான். அம்மா குனிய முடியாமல் குனிந்து, ஒரு சிட்டிகை மண் எடுத்து அவன் நெற்றியில் திருநீறு மாதிரி இட்டார். அப்புறம் தன் நெற்றியில். சிவாய நம.