லண்டன் சுற்ற எந்த பாஸ்?

லண்டன் கிளம்புகிற நண்பர்கள் முதலில் கேட்பது, ஊருக்குள் ரயில், பஸ்ஸில் போக எந்த பாஸ் எடுக்கலாம் என்றுதான். பெரும்பாலும் எதுவும் வேண்டாம். காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டையை ஸ்டேஷன் கேட்டில் தட்டினால் போதும். ஒரு நாளைக்கான கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள். வாரத்துக்கும் உண்டு, ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கான கணக்கு. வியாழக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அதில் பெரிய லாபமில்லை. எந்த நாளிலும் தொடங்கும் 7 நாள் டிராவல்கார்டோடு (முன்கூட்டியே வாங்கும் ஒரு வார பாஸ்) ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றித் தட்டாதீர்கள். ஒரே அட்டைதான் போனிலும் இருக்கிறது என்றாலும் இரண்டு ஆளாகத்தான் கணக்கு ஓடும்! கணவன் மனைவிக்கும் தனித்தனி அட்டை வேண்டும். வங்கி வெளிநாட்டுச் செலவுக்குக் கட்டணம் பிடிக்குமென்றால், முன்பணம் ஏற்றித் தட்டும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரையும் யோசியுங்கள்.