செட்டிநாட்டுப் புழுதியில் ஒரு மாருதி 800

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் மெயின் ரோட்டோடு நின்றுவிட முடியாது. பார்க்க வேண்டிய வீடுகளெல்லாம் உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. வெயில் காலத்தில் முன்னால் ஒரு டிப்பர் லாரி போனால் போதும், செம்மண் புழுதி மேலே கவிந்துவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். என்ஜின் என்ன செய்யும்? 1 லிட்டர் பெட்ரோல் எரிய அதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும்.

எங்களுடையது அப்பா வாங்கிய 1995 மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. கார்புரேட்டரின் தலைமேல் வட்டமான ஏர் ஃபில்டர் டப்பா. புது ஃபில்டர்தான் போட்டிருந்தோம். ஆனாலும் பள்ளத்தூரில் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஃபில்டரின் உள்பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று கார்புரேட்டர் வாய் வரைக்கும் ஓடியிருந்தது. வடிகட்டாத மண் அப்படியே உள்ளே போனால் சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் அரைபடும். பிறகு வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

காரைக்குடியில் பழைய வண்டிகள் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அறுபது வயதிருக்கும். "தம்பி, ஃபில்டர் புதுசுதான். ஆனா உட்காரலையே" என்றார். ஃபில்டரின் மேல் ரப்பர் விளிம்பில் விரலால் கிரீஸை லேசாகத் தடவினார். மூடியைப் போட்டு நட்டை முறுக்கினார், உடனே கழற்றி மூடியைத் திருப்பிக் காட்டினார். வட்டமாக விழுந்திருக்க வேண்டிய கிரீஸ் தடம் பாதியில் நின்றிருந்தது. தடம் இல்லாத பக்கமும் சிவப்புக் கோடு தொடங்கிய பக்கமும் ஒன்றே.

அலமாரியிலிருந்து வேறொரு ஃபில்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எங்களுடையது ஒரு நூல் உயரம் குறைவு. ரப்பரை அழுத்துவதற்குள் மூடி டப்பாவின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நட்டு இறுகிவிட்டதால் எல்லாம் சரி என்று நமக்குத் தோன்றும்.

மாற்றிய பிறகும் ஒரு ஓரத்தில் தடம் விழவில்லை. அவர் மேஜைமேல் ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிற கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் மூடியைக் கவிழ்த்ததும் ஆடியது. யார் யாரோ வருஷக்கணக்காக ஸ்பேனர் போட்டு முறுக்கியதில் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கியிருந்தது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஆட்டத்தை நிறுத்தினார். விங் நட்டுக்குக் கை முறுக்கே போதும் என்றார். நட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷரைக் காணோம். அந்தத் துளை வழியாகவும் புழுதி நேரே உள்ளே போகும். அதையும் போட்டார். கார்புரேட்டருக்கும் டப்பாவுக்கும் இடையில் காற்றுக் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து கட்டையாகியிருந்தது, அதுவும் புதுசு. சிலிகான் பசை பூசி அடைக்கலாமே என்று கேட்டேன். முறைத்தார். அடுத்த முறை கழற்றும்போது துணுக்குகள் கார்புரேட்டருக்குள்தான் விழுமாம். நியாயம்தான்.

மறுநாள் ஆத்தங்குடியில் அந்தக் கண்ணாடியின் வேலையைப் பார்த்தோம். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவிடுகிறார்கள். கண்ணாடி பிரிந்ததும் கல்லில் அந்தப் பளபளப்பு நிற்கிறது. சூளை கிடையாது. என் மனைவி பூ டிசைன் கற்களுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியே பேனட்டைத் திறந்துகொண்டு நின்றேன். மூடியில் கிரீஸ் வளையம் முழுசாக இருந்தது. உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணி அழுக்காகவில்லை. மைலேஜ் கூடியதா என்று கேட்காதீர்கள், கூடவில்லை.