ஆண்கள் பள்ளியில் பிளஸ் ஒன்: பெண்ணைச் சேர்க்கும் முன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சுதான். பத்து வரை பையன்கள் மட்டும், பிளஸ் ஒன்னில் பெண்களுக்கும் இடம் என்று இருக்கிற பள்ளியில் சேர்க்கலாமா? தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிற தேர்ச்சி சதவீதத்தில் மயங்கிவிடாதீர்கள்.

பெண் இதுவரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. கடைசி இரண்டு வருடம் அங்கே மாறினாலும் போச்சு. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. ஆங்கிலவழிக்கு மாறினால் அங்கே சிக்கல். டிஎன்பிஎஸ்சியில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமையும் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். சேர்க்கை மேசையில் இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது கழிப்பறை. சேர்க்கை நடப்பது விடுமுறையில், எல்லாம் கழுவிவிட்டுப் பளிச்சென்று இருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: பெண்களுக்கு எத்தனை, பிளஸ் ஒன் வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், சாவி யாரிடம்? பல இடங்களில் பூட்டு போட்டு, சாவியை ஸ்டாஃப் ரூமில் ஒரு சாரிடம் வைத்திருப்பார்கள். போய்க் கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருப்பார்கள். வேலூர் வெயிலில் அது நேராக நீர்க்கடுப்பில் கொண்டு விடும். உள்ளே கொக்கி, தண்ணீர், நாப்கின் போட மூடி வைத்த கூடை, மூன்றும் வேண்டும்.

வகுப்பில் எத்தனை பெண்கள் என்றும் கேளுங்கள். ஐம்பது பேரில் நாலு பேர் என்றால் லேபில் அது தெரியும். கெமிஸ்ட்ரி செய்முறையில் நாலு பேருக்கு ஒரு பியூரெட் வைத்தால், பையன்கள் குழாயைத் திருகிக் கரைசலின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கு” என்று ரெக்கார்ட் நோட்டு பெண் கைக்கு வந்துவிடும். பொதுத்தேர்வு செய்முறையிலோ இந்த டைட்ரேஷனை அவளேதான் செய்தாக வேண்டும். லேபில் பெண்களுக்குத் தனி பேட்ச் உண்டா, குரூப் பாடங்களில் ஒரு டீச்சராவது பெண்ணா என்று விசாரியுங்கள்.

சீருடைக்கு சுடிதாரும் ஓவர்கோட்டும் எங்கே தைப்பது என்பதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு விடும் என்பதுதான் முக்கியம். குடியாத்தம் பக்கமிருந்து வருகிற பெண்ணுக்கு ஆறு மணிக்கு மேல் பஸ் எப்படி என்று நீங்களே ஒருநாள் அதே நேரத்தில் நின்று பாருங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான்.

அங்கே இப்போது பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்ணிடம், பெற்றோர் பக்கத்தில் இல்லாமல், உங்கள் பெண்ணையே பேசவிடுங்கள். ஏதாவது தொந்தரவு என்றால் கூப்பிட, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

இடம் உறுதியான பிறகே டிசி வாங்குங்கள். பழைய பள்ளி எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளியால் ஏற்ற முடியும். டிசி வாங்கும்போதே அதையும் கேட்டு முடித்துவிடுங்கள்.